புகலிடம் காட்சிக்கூடம் அன்று

ஆண்டுதோறும் நம் பள்ளிகளில் தவறாது எழுதப்படும் கட்டுரைகளுள் ஒன்று, 'மிருகக்காட்சிசாலைக்குச் சென்று வந்தேன்' என்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழாசிரியனாக இருந்தவன் என்னும் முறையில், அத்தலைப்பில் எத்தனை நூறு கட்டுரைகளைத் திருத்தியிருப்பேன் என்பதை நானே அறியேன். எல்லாக் கட்டுரையிலும் யானை அசைந்து வரும், புலி உறுமும், கடைசியில் குரங்கு வரும். "குரங்குகள் சேட்டை செய்தன. நாங்கள் அவற்றுக்கு வாழைப்பழம் கொடுத்து மகிழ்ந்தோம்" என்று மாணவன் முடித்திருப்பான். விடுபட்ட ஒற்றைச் சிவப்பு மையால் சேர்ப்பேன். மயங்கிய னகர ணகரங்களை வட்டமிடுவேன். அந்த வாக்கியத்துள் கிடந்த பெரும்பிழை மட்டும் என் கண்ணில் பட்டதே இல்லை.

படாமற் போனதற்குக் காரணம் உண்டு. அப்பிழையை நானும் செய்தவன். மாணவர்களைச் சுற்றுலாவுக்கு அழைத்துச் சென்ற ஓர் ஆண்டில், தனியார் விலங்குப் பூங்கா ஒன்றில் ஓராங் ஊத்தான் குட்டியைத் தோளில் ஏந்திப் படம் எடுத்துக்கொள்ள வசதி செய்திருந்தார்கள். குட்டிக்குப் பூப்போட்ட சட்டை அணிவித்திருந்தார்கள். "காட்டில் தாயை இழந்து தவித்த குட்டி ஐயா, நாங்கள் மீட்டு வளர்க்கிறோம்" என்றார் அங்கிருந்த பணியாளர். 'மீட்டு' என்னும் சொல் என் நெஞ்சைத் தொட்டது. மாணவர் வரிசையில் நின்றனர், நானும் நின்றேன். கட்டணம் செலுத்த இயலாத இருவருக்கு என் பையிலிருந்தே கொடுத்தேன். அப்படம் நெடுநாள் என் வீட்டுக் கூடத்தில் தொங்கிற்று. அதில் நான் சிரிக்கிறேன், பிள்ளைகள் சிரிக்கின்றனர், குட்டியோ என் சட்டையின் கழுத்துப் பட்டையை இரு கையாலும் இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. அஃது அன்பினால் பற்றிய பற்று என்றே அன்று எண்ணி மகிழ்ந்தேன்.

இவ்விலங்குகளைப் பற்றிப் பிற்காலத்தில் படிக்கத் தொடங்கியபோதுதான் அப்பிடியின் பொருள் விளங்கிற்று. ஓராங் ஊத்தான் குட்டி பிறந்த நாள்தொட்டுத் தாயின் உடம்பைப் பற்றிக்கொண்டே வாழ்வது. உயர்ந்த மரக்கிளையில் பிடி தளர்ந்தால் உயிர் தங்காது. ஆறு ஆண்டுக்கும் மேலாக அது தாய்ப்பால் குடிக்கிறது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே தாய் ஏழெட்டு ஆண்டு இடைவெளி விடுகிறாள். நிலத்தில் வாழும் பாலூட்டிகளுள் இத்துணை நீண்ட இடைவெளி விடுவது வேறொன்றில்லை. அப்படிப்பட்ட தாயிடமிருந்து குட்டியைக் கேட்டு வாங்கவும் முடியாது. ஏமாற்றிப் பறிக்கவும் முடியாது. அவளைக் கொன்று வீழ்த்திய பின்னரே, பிணத்தின்மேல் ஒட்டிக் கிடக்கும் குட்டியைப் பிய்த்தெடுக்க முடியும். தாயற்ற குட்டி ஒன்றைக் காண்கிறோம் என்றால், கொலையுண்ட தாய் ஒருத்திக்குச் சாட்சி காண்கிறோம் என்பது பொருள். என் கழுத்துப் பட்டையைப் பற்றிய கைகள் அந்தத் தாயின் மயிரைத் தேடிய கைகள். அந்தத் தேட்டத்துக்கு நான் தலைக்கு இத்தனை வெள்ளி என்று கட்டணம் கொடுத்துவிட்டு வந்தேன்.

தமிழ் பயின்றவர்க்கு இச்செய்தி முற்றிலும் புதியதாக இருத்தலாகாது. குறுந்தொகையில் கடுந்தோட் கரவீரனார் பாடிய பாட்டொன்றில், துணையை இழந்த மந்தி கைம்மையோடு வாழ மனமின்றி மலைச்சரிவிலிருந்து பாய்ந்து உயிர்விடுகிறது. வகுப்பில் அப்பாட்டை நடத்தும்போது நாம் மந்தியின் காதலையே பேசுகிறோம். பாய்வதற்கு முன் அது செய்த ஒன்றைக் கடந்து போய்விடுகிறோம். தன் தொழிலை இன்னும் கற்றுத் தேறாத குட்டியைச் சுற்றத்தாரிடம் ஒப்படைத்துவிட்டே அது பாய்கிறது. குரங்குக்கும் கல்வி உண்டு. அக்கல்வியைப் புகட்டுவது அதன் இனமே என்பதைப் புலவர் கண்டிருந்தார். (மரத்தில் வாழும் குரங்கின் இளமைக்கு மகவு, பிள்ளை என்னும் பெயர்களும் உரியன என்று தொல்காப்பிய மரபியல் இசைவு தருவதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.) ஓராங் ஊத்தானுக்கோ அந்தச் சுற்றமும் இல்லை. அது கூட்டமாக வாழும் விலங்கன்று. தாயும் குட்டியுமே குடும்பம். தாய் வீழ்ந்தால் குட்டிக்கு வீடும் போயிற்று, பள்ளிக்கூடமும் போயிற்று.

அந்தப் பள்ளிக்கூடத்தை மனிதர் ஏற்று நடத்த முயல்வதுதான் உண்மையான புகலிடம். நம் நாடு இம்முயற்சியில் முந்திய நாடுகளுள் ஒன்று என்பதைப் பெருமையோடு கூறலாம். 1950களின் பிற்பகுதியில், சரவாக் அரும்பொருளகத்தின் காப்பாளராக இருந்த டாம் ஹாரிசனின் மனைவி பார்பரா ஹாரிசன், சட்டத்துக்குப் புறம்பாக வளர்க்கப்பட்டுப் பறிமுதல் செய்யப்பட்ட குட்டிகளைக் கூச்சிங்கில் தம் இல்லத்திலேயே வளர்த்தார். வீட்டில் வளர்வது காட்டுக்கு உதவாது என்பதை விரைவில் உணர்ந்து, பாக்கோ தேசியப் பூங்காவில் அவற்றைக் காட்டுக்குப் பழக்க முற்பட்டார். அவ்வழியில் 1964ஆம் ஆண்டு சபாவில் சண்டாக்கானுக்கு அருகே செப்பிலோக் மறுவாழ்வு நிலையம் தோன்றிற்று. ஏறக்குறைய 4,300 ஹெக்டேர் காப்புக்காடு அதைச் சூழ்ந்திருக்கிறது. சரவாக்கில் செமங்கோ நிலையம் 1975இல் தொடங்கப்பெற்றது.

இத்தகைய நிலையத்தில் நடைபெறும் வேலை எத்தகையது என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். குட்டி வந்ததும் அதைத் தனிமையில் வைத்துக் காசநோய் முதலியன உள்ளனவா என்று சோதிக்கிறார்கள். பாலூட்டும் பருவத்தில் இரவும் பகலும் ஒருவர் உடனிருக்க வேண்டும். பின்னர்க் காட்டுப் பாடம் தொடங்கும். எந்தக் கனியைத் தின்னலாம், எந்த இலையை விலக்க வேண்டும், எந்தப் பட்டையை உரிக்கலாம், கறையான் புற்றை எப்படி உடைப்பது என்று தாய் ஏழெட்டு ஆண்டுகளில் கற்பித்ததைச் சம்பளத்துக்கு வந்த பணியாளர் கற்பிக்க வேண்டும். எல்லாவற்றினும் கடினமான பாடம் கூடு கட்டுவது. காட்டில் வாழும் ஓராங் ஊத்தான் அந்தி சாய்ந்ததும் கிளைகளை வளைத்து, மடித்து, இலைகளைப் பரப்பிப் பெரும்பாலும் நாள்தோறும் புதிய படுக்கை ஒன்றை அமைத்துக்கொள்ளும். தாயின் அருகிலிருந்து பார்த்துப் பார்த்து, உடைத்து உடைத்து, குட்டி இக்கலையைப் பயில்கிறது. தாயில்லாக் குட்டிக்கோ, மரத்தில் ஏறுவதே அச்சம். தரையில் உட்கார்ந்து பணியாளரின் காலைக் கட்டிக்கொண்டு அழும். அக்காலைப் பணியாளர் விடுவித்துக்கொள்ள வேண்டும். தூக்கி அணைத்தால் அன்றைய பாடம் வீணாயிற்று. அணையாவிட்டால் குட்டி ஏங்கிச் சாகும். நேற்றைவிட இன்று சற்றுக் குறைவாக அணைப்பதே அவர் தொழில். நாள்தோறும் தம்மைத் தேவையற்றவராக்கிக்கொள்ளும் இத்தொழிலுக்கு ஒப்பானது, ஆசிரியத் தொழில் ஒன்றைத் தவிர வேறுண்டோ?

செப்பிலோக்கிலும் செமங்கோவிலும் நாளுக்கு இருமுறை மேடையில் உணவு வைக்கிறார்கள். செப்பிலோக்கில் அவ்வுணவை வேண்டுமென்றே நாள்தோறும் ஒரே வகையாக, சலிப்பூட்டுவதாக வைப்பது வழக்கம். சலித்தால்தான் காட்டுக்குள் சென்று வேறு தேடும். காட்டில் கனி பழுக்கும் பருவத்திலோ, மேடைக்கு ஒன்றுகூட வாராத நாட்கள் உண்டு. விமானமேறி வந்த பயணிகள் புகைப்படக் கருவியோடு காத்திருந்து, வெற்று மேடையைப் பார்த்து, முகம் சுளித்துக்கொண்டு திரும்புகிறார்கள். "ஒன்றும் வரவில்லை, பணம் வீண்" என்பது அவர்கள் கூற்று. நான் சொல்கிறேன்: அந்நிலையம் நடந்த நாட்களுள் மிகச் சிறந்த நாள் அந்நாளே. வராதவை பிழைத்துக்கொண்டவை. வருவனவே இன்னும் நம்மை நம்பி நிற்பவை. வருவோருக்குக் காட்சி தருவதே வேலையென்று கருதும் நிலையத்துக்கு இந்த வெற்று மேடை நட்டம். காட்டுக்கு அனுப்புவதே வேலையென்று கருதும் நிலையத்துக்கு அதுவே ஊதியம். இவ்விரண்டையும் ஒரே கணக்கேட்டில் எழுத முடியாது.

ஆகவேதான், மீட்கப்பட்ட குரங்குகளுக்கென்று அமைக்கப்படும் புகலிடத்தின் முதற்கடமை அவற்றை நம் கண்ணிலிருந்து மறைப்பது என்று வாதிடுகிறேன். குட்டியைத் தோளில் ஏற்றிக் காசு வாங்கி, அக்காசால் குட்டியைக் காக்கிறோம் என்பது, பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று எண்ணுவோர் தைவானைப் பார்க்கட்டும். 1986ஆம் ஆண்டு அங்கே ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரில் ஓராங் ஊத்தான் ஒன்று வீட்டுத் தோழனாகக் காட்டப்பட்டது. பார்த்தவர்கள் அதை வெறுத்தார்களா? நேசித்தார்கள். நேசித்ததனால் தமக்கும் ஒன்று வேண்டுமென்றார்கள். 1985க்கும் 1990க்கும் இடையே அந்நாட்டுக்குள் கடத்தப்பட்ட குட்டிகள் ஆயிரம்வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஒவ்வொரு குட்டிக்கும் பின்னால் ஒரு தாயின் பிணம். வழியிலேயே மாண்ட குட்டிகளோ இக்கணக்கில் சேரா. குட்டிகள் வளர்ந்தன, வலிமை பெற்றன, வீட்டுக்கு ஆகாவாயின, கைவிடப்பட்டன. பலவற்றின் உடம்பில் மனிதரிடமிருந்து தொற்றிய நோய்கள் இருந்தன. இத்தனையும் விளைத்தது பகை அன்று. 'ஐயோ, எவ்வளவு அழகு' என்னும் கொஞ்சல்.

1990ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் பாங்காக் விமான நிலையத்தில் சில பெட்டிகளை ஊடுகதிரில் காட்டியபோது, உள்ளே ஆறு ஓராங் ஊத்தான் குட்டிகள் இருந்தன. பெட்டியின்மேல் 'பறவைகள்' என்று எழுதியிருந்தது. அப்பெட்டிகள் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. கடத்தல் நடப்பது எங்கோ தொலைநாட்டில் என்று எண்ணியிருக்கும் நாம், நம் வாயிற்படி வழியே அது நடந்தேறியதை மறத்தலாகாது.

தாள்களில் முத்திரை இருந்தால் போதும் என்பாரும் உளர். அவர்களுக்குத் தைப்பிங் கதை விடை கூறும். 2002ஆம் ஆண்டு தைப்பிங் விலங்குக் காட்சிசாலைக்கு நான்கு கொரில்லாக் குட்டிகள் நைஜீரியாவிலிருந்து வந்து சேர்ந்தன. அவை கூண்டிலேயே பிறந்தவை என்று தாள்கள் கூறின. உண்மையில் காட்டில் பிடிபட்டவை. பொய்த் தாள்களோடு வந்தவை. உலகெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பின் 2004இல் தென்னாப்பிரிக்காவுக்கும், நெடிய வழக்காட்டத்துக்குப் பின் 2007இல் கேமரூனில் லிம்பே என்னுமிடத்துப் புகலிடத்துக்கும் அனுப்பப்பட்டன. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட அலைச்சல். அன்று தைப்பிங்கில் அவற்றைக் கண்டு கைதட்டிய பள்ளிப் பிள்ளைகளுள் நம் பிள்ளைகளும் இருந்திருப்பர்.

அமெரிக்க ஆய்வாளர் சிலர் 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றும் உண்டு. ஒரே சிம்பன்சியை மனிதரோடு சேர்த்துக் காட்டிய படத்தைக் கண்டவர்கள், அது தனித்திருக்கும் படத்தைக் கண்டவர்களைக் காட்டிலும், 'காட்டில் இவ்வினம் நலமாகவே இருக்கிறது' என்று நம்ப முற்பட்டனர். படத்தில் மனிதன் சிரித்தால் காடு அழிவது கண்ணுக்குத் தெரிவதில்லை. இன்று உலகில் உள்ள ஓராங் ஊத்தான்கள் மூன்று இனம். போர்னியோ, சுமத்ரா, 2017இல் தனியினமாக அறியப்பட்ட தப்பானுலி. மூன்றுமே அழிவின் விளிம்பில் நிற்பவை. என் வீட்டுக் கூடத்துப் படத்தைக் கண்ட விருந்தினர் ஒருவரேனும் இதைப் பற்றி என்னிடம் கேட்டதில்லை. "எங்கே எடுத்தீர்கள்? எவ்வளவு கட்டணம்?" என்றே கேட்டனர்.

நோயைப் பற்றியும் ஒரு சொல். நமக்கு வரும் சளியும் காசநோயும் அவற்றுக்கும் வரும். நமக்குச் சிறிதாக வருவது அவற்றுக்கு எமனாக முடியலாம். உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2010இல் வகுத்த நெறிமுறை, பெருங்குரங்குகளைக் காணச் செல்வோர் குறைந்தது 7 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்கிறது. தோளுக்கும் கன்னத்துக்கும் இடையே எத்தனை மீட்டர் உண்டு என்பதைக் கணித ஆசிரியர்களிடமே விட்டுவிடுகிறேன்.

எதிர்வாதங்களைக் கேளாமல் செல்வது முறையன்று. முதலாவது, 'கண்டால்தானே அன்பு பிறக்கும். காணாததை எவன் காப்பான்?' என்பது. அன்றிலை நம்மில் எவர் கண்டோம்? ஆயினும் துணை பிரிந்தால் வாழாத பறவை என்று ஈராயிரம் ஆண்டு அதற்காக உருகி வருகிறோம். கண்ட குரங்குக்கோ கடலைக் காய் வீசுகிறோம். அன்பு கண்ணில் பிறக்கலாம். அறிவில்லாமல் அது வளர்வதில்லை. அவ்வறிவைத் தரப் பள்ளியும் நூலும் திரைப்படமும் போதும்.

அடுத்து ஆ மெங்கைச் சுட்டுவர். சிங்கப்பூர் மிருகக்காட்சிசாலையின் ஆ மெங் என்னும் பெண் ஓராங் ஊத்தானை அறியாதார் இல்லை. சட்டத்துக்குப் புறம்பாகக் கொண்டுவரப்பட்டு ஒரு வீட்டில் வளர்ந்த அதை 1971இல் மீட்டனர். பயணிகள் அதனோடு அமர்ந்து உணவருந்தினர்; உலகப் புகழ் பெற்றோர் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டனர்; 1992இல் சிங்கப்பூரின் சிறப்புச் சுற்றுலாத் தூதர் என்னும் விருதும் அதற்கு வழங்கப்பட்டது. 2008இல் அது இறந்தபோது பல்லாயிரவர் துயருற்றனர். அத்துயரை நான் ஐயுறவில்லை, நானும் வருந்தியவனே. அதை வளர்த்தவர்கள் உண்மையாகவே அன்பு செலுத்தினர் என்பதையும் மறுக்கவில்லை. என் வினா ஒன்றுதான். மீட்கப்பட்ட அவ்வுயிர், மீட்கப்பட்ட நாள்தொட்டு இறந்த நாள்வரை நமக்காக உழைத்ததே, அது நம்மிடம் என்ன கடன்பட்டிருந்தது?

மூன்றாவது வாதம் வலுவானது, பணம். ஓராங் ஊத்தான் ஐம்பது ஆண்டு வாழக்கூடியது. காட்டுக்குத் திரும்பவே இயலாதவையும் பல. நோய் சுமப்பவை, கை கால் இழந்தவை, மனிதரையே இனமென்று நம்பிவிட்டவை. இவற்றை ஆயுள்முழுதும் காக்க வேண்டும். நுழைவுச்சீட்டு இல்லையேல் யார் கொடுப்பார்? செப்பிலோக்கும் செமங்கோவும் தொலைவில் நிறுத்தியே காட்டுகின்றன, தொட விடுவதில்லை என்பதை மதிக்கிறேன். தோளில் ஏற்றும் பூங்காக்களோடு அவற்றை ஒன்றாக வைத்துப் பேசுவது அநீதி. ஆயினும் சீட்டுப் பணத்தை நம்பும் எந்த நிலையமும் ஒருநாள் அதற்கு அடிமைப்படும். சுமத்ராவின் பொகொரோக்கில் 1973இல் நன்னோக்கத்தோடு தொடங்கிய நிலையம் பயணிகளின் சந்தையாக மாறிற்று. கெத்தாம்பேயில் இப்பணியைத் தொடங்கி நடத்திய ரிக்சன் என்னும் டச்சு அறிஞரே பின்னாளில் அம்முறையைக் கடுமையாகக் குறைகூறினார். வளர்ப்புக் குரங்குகளைக் காட்டுக் குரங்குகள் வாழுமிடத்தில் விடலாகாது என்று இந்தோனேசிய அரசு 1995இல் ஆணையிட்டது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என்ன ஆயிற்று? வாயில்கள் மூடின, சீட்டுப் பணம் நின்றது, வயிறுகள் நின்றனவா?

கொடுக்க வேண்டியவர் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. காட்டை அழித்து எதை நட்டோமோ அது கொடுக்கட்டும். மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எழுந்தது. அதன் பெயரே தென்னமரம். நம் மொழிப் பெயர். தீபகற்பத்தின் காடுகளை வெட்டியதிலும் எரித்ததிலும் நட்டதிலும் நம் முன்னோர் கைகளும் இருந்தன. கூலி அவர்களுக்கு, கொள்ளை பிறருக்கு, அது வேறு கதை. அச்செம்பனை பின்னர்க் கடல் கடந்து சபாவின் தாழ்நிலக் காடுகளைத் தின்றது. செம்பனை எண்ணெய்க்கு டன் கணக்கில் தீர்வை வாங்கும் ஏற்பாடு ஏற்கெனவே நம் நாட்டில் உண்டு. அதில் ஒரு பங்கைச் சட்டப்படி புகலிடங்களுக்கு ஒதுக்கினால் எந்தக் குட்டியும் எவர் தோளிலும் ஏறி உழைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் ஆட்சியாளர் எண்ணம் சென்ற திசை வேறு. 2024ஆம் ஆண்டு மே திங்களில், சீனா பாண்டாக்களை அனுப்புவதுபோலச் செம்பனை எண்ணெய் வாங்கும் நாடுகளுக்கு ஓராங் ஊத்தான்களைப் பரிசாக அனுப்பலாம் என்று தோட்டத் தொழில் அமைச்சர் அறிவித்தார். வீட்டை இடித்தவனே, வீடிழந்தவனைப் பொட்டலம் கட்டி வாடிக்கையாளனுக்குப் பரிசனுப்பும் திட்டம் அது! எதிர்ப்பு எழுந்தது. ஆகஸ்டில் திட்டம் திருத்தப்பட்டது; விலங்குகள் நாட்டிலேயே இருக்கும், வாங்கும் நிறுவனங்கள் பராமரிப்புக்குப் பணம் தரலாம் என்றாயிற்று. திருத்தியதற்கு நன்றி. முதலில் எப்படி அவ்வெண்ணம் தோன்றிற்று என்பதைத்தான் மறக்க இயலவில்லை.

இனி, நம்மவர் எழுப்பும் வாதம். "தோட்டங்கள் விற்கப்பட்டபோது நம் மக்கள் லயத்து வீடுகளை விட்டு விரட்டப்பட்டனர், தமிழ்ப்பள்ளிக் கூரைகள் ஒழுகின, அன்று வாய் திறவாத உலகம் குரங்குக்கு அழுகிறது, நீரும் சேர்ந்து அழுகிறீரோ?" என்று என் நண்பர் ஒருவர், அவரும் தமிழாசிரியர், முகத்துக்கு நேரே கேட்டார். அவர் சினம் நியாயமானது. மனிதத் துயரையும் விலங்கின் துயரையும் ஒரே தராசில் நான் நிறுக்கவில்லை. ஆனால் நான் பிறந்த தோட்டத்தில் கண்ட ஒன்றை அவரிடம் சொன்னேன். மலாய் மக்கள் உங்கா என்றழைக்கும் கிப்பன் குரங்கு ஒன்றைக் கிராணி வீட்டு வாசலில் சங்கிலியில் கட்டி வைத்திருந்தார்கள். உங்கா இணையோடு வாழ்வது. விடியலில் இணையும் இணையும் மாறி மாறிப் பாடும். பெரட்டுக்கு ஆட்கள் கூடும் அந்த இருட்டு வேளையில் வாசலிலிருந்த உங்கா பாடத் தொடங்கும், நிறுத்தும், செவி சாய்த்து இருக்கும், மறுபடி பாடும். மறுகுரல் எங்கிருந்தும் வந்ததில்லை. பால்வாளியோடு நின்ற என் தாயார், "பாவி, அது யாரையோ கூப்பிடுது" என்றார். காட்டை விட்டும் ஊரை விட்டும் பெயர்க்கப்பட்டவர் குரல் அவருக்குப் புரிந்தது. அவர் எழுதப் படிக்க அறியாதவர். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன்: குரங்குக்குக் கொடுக்காதே, தமிழ்ப்பள்ளிக்குக் கொடு என்று பேசுவோர் தமிழ்ப்பள்ளிக்கு எவ்வளவு கொடுத்தனர் என்று நான் விசாரித்துப் பார்த்ததுண்டு. விவரம் வேண்டாம்.

உங்காவின் நிலை ஓராங் ஊத்தானினும் இரங்கத்தக்கது என்பேன். ஏனெனில் அதற்காகப் பேசுவோர் குறைவு. தாய்லாந்தின் பூக்கெட் தீவில் உங்காக்கள் வேட்டையால் அடியோடு ஒழிந்தன. ஒழிந்த பின்னும் பிற காடுகளிலிருந்து பிடித்துவந்த குட்டிகளுக்கு உடை மாட்டி மதுக்கடைகளிலும் கடற்கரையிலும் பயணிகளோடு படம் எடுக்கப் பயன்படுத்தினர். 1992இல் அங்கே தொடங்கிய மறுவாழ்வுத் திட்டம் அத்தகையவற்றை மீட்டு, மனிதர் தொடாமல் வைத்து, இணை சேர்த்து, காட்டில் விட்டு வருகிறது. நம் தீபகற்பக் காடுகளிலும் உங்கா உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்காக வைத்திருக்கிறது. சட்டம் இருக்கிறது, கைப்பேசியில் குட்டி விற்பனையும் நடக்கிறது.

இவ்வாண்டுச் சுற்றுலாவுக்கு இடம் தேர்ந்து தருமாறு எனக்கு அறிமுகமான பள்ளியொன்றின் தலைமையாசிரியர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஓய்வு பெற்றவனுக்கு இத்தகைய வேலைகள் வந்துகொண்டிருக்கும். அவர் குறித்துத் தந்த இடங்களுள், 'மீட்கப்பட்ட குரங்குகளின் புகலிடம்' என்று தன்னை விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒரு பூங்காவும் இருந்தது. அவர் பெயரால் அதற்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்களிடமுள்ள குட்டிகள் எங்கிருந்து வந்தன. அவற்றின் தாய்கள் என்ன ஆயின. உங்கள் புகலிடத்திலேயே குட்டிகள் பிறக்கின்றனவா, பிறந்தால் எங்கே போகின்றன. வருவோர் அவற்றைத் தொடலாமா. இதுவரை எத்தனை காட்டுக்குத் திரும்பின என்று கேட்டிருந்தேன். மூன்றாம் நாளே மறுமொழி வந்துவிட்டது. நாற்பது மாணவருக்கு மேல் வந்தால் நுழைவுக் கட்டணத்தில் பத்து விழுக்காடு கழிவு உண்டென்றும், குட்டியோடு படம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் என்றும், உடன்வரும் ஆசிரியர்களுக்கு அது இலவசம் என்றும் அதில் எழுதியிருந்தது.